எலியின் சோகம் தீர எளிய வழிகள்: ஹனூர் பதிப்பு

ஹனூரில் எலி இல்லாத வீடு கிடையாது. ராகி மூட்டை அடுக்கிய வீட்டில் எலி, மக்காச்சோளம் காயும் களத்தில் பெருச்சாளி. எலியை ஒழிப்பது எப்படி என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. அந்த எலிக்கு மனசு சரியில்லை என்றால் என்ன செய்வது என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததே இந்த வழிகாட்டி.

முறை சுலபமானது. எலியின் மண்டையோட்டில் சிறு துளை போடவேண்டும். அதன் வழியே மெல்லிய கம்பியை மூளையின் ஆழத்துக்கு இறக்கவேண்டும். மின்சாரம் விடவேண்டும். சோகம் ஓடிவிடும். ஆழ்மூளைத் தூண்டல் என்று இதற்குப் பெயர், அவசரக்காரர்கள் டி.பி.எஸ். என்பார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டொரண்டோ தொடங்கிப் பல ஊர்களின் ஆய்வுக்கூடங்களில் இதைச் செய்கிறார்கள். நம்ம பெங்களூர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் இதற்குப் பங்காளி முறையாகும் ஓர் ஆய்வு 1990-களிலிருந்தே நடந்துவந்திருக்கிறது.

ஹனூர் பதிப்பு என்று தனியாகப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஹனூரும் அது சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகாவும் 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லா. பிறகு மைசூர் ஜில்லா. 1997-லிருந்து சாமராஜநகர் ஜில்லா. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜில்லாதான் மூன்று மாறிவிட்டது. இதனால் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி. யாருக்காவது மனசு கலங்கினால், அந்தக் காலத்தில் கேலி பேசுகிறவர்கள் கீழ்ப்பாக்கத்தைக் காட்டினார்கள், இந்தக் காலத்தில் நிம்ஹான்ஸைக் காட்டுகிறார்கள். இரண்டு ராஜ்ஜியத்தின் வசவும் பழகிய ஊர் இது. கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊரில் எலிக்கு வைத்தியம் சொல்வதில் பாஷைப் பிரச்சினை எழாது.

எலி வாங்குதல்

வீட்டு எலியைப் பிடித்து உபயோகிக்கலாமே என்று தோன்றும். கூடாது. உங்கள் வீட்டு எலி பூனையைப் பார்த்திருக்கிறது, விஷப்பாக்கெட்டைப் பார்த்திருக்கிறது, பாம்பிடமிருந்து தப்பித்திருக்கிறது. அனுபவசாலி. அறிவியலுக்கு அனுபவசாலிகள் ஆகாது. உலகம் தெரியாத வெள்ளை எலி வேண்டும். பிலடெல்பியாவில் 1906-ல் உருவான விஸ்டார் வம்சம், இல்லாவிட்டால் அமெரிக்காவிலேயே விஸ்கான்சினில் தோன்றிய ஸ்பிரேக்-டாலி வம்சம். இரண்டும் பரம்பரை பரம்பரையாகக் கூண்டில் பிறந்து கூண்டிலேயே கண்ணை மூடுகிறவை.

வாங்கும் முன் அனுமதி வாங்கவேண்டும். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதன் கீழ் அமைந்த மத்தியக் குழுவில் உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்கவேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே ஒரு விலங்கு நெறிமுறைக் குழு இருக்கும். அவர்களிடம் 'பி' படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுக்கவேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, குறைத்தால் ஆகாதா, வலி தெரியாமலிருக்க என்ன மருந்து, எல்லாம் முடிந்தபின் எலியை என்ன செய்வீர்கள் என்று விவரமாகக் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைப் படித்தாலே எலிக்குப் பாதி மனச்சோர்வு வந்துவிடும். நல்லவேளை, அதற்குப் படிக்கத் தெரியாது.

ஆண் எலியாகப் பார்த்து வாங்குங்கள். மனிதர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கே மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் வருகிறது. ஆனாலும் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் ஆண் எலிகளையே சோகப்படுத்தி வந்திருக்கிறார்கள். பெண் எலியின் ஹார்மோன் சுழற்சி கணக்கைக் குழப்புகிறதாம். யார் கணக்கை என்று கேட்கக்கூடாது.

சோகமாக்குதல்

இந்த வேலையில் மிகக் கடினமான கட்டம் இது. கம்பி இறக்குவதை ஒரு மாணவர் பழகிக்கொள்ளலாம். நன்றாகத் தின்று நன்றாகத் தூங்கும் எலிக்கு வாழ்க்கையில் பிடிப்பு இல்லாமல் போகச் செய்வதுதான் வித்தை.

அவசரமில்லாதவர்களுக்கு பால் வில்னர் 1980-களில் வகுத்த முறை இருக்கிறது. வாரக்கணக்கில் சின்னச் சின்னத் தொல்லைகளை மாற்றி மாற்றிக் கொடுக்கவேண்டும். கூண்டைச் சாய்த்து வைக்கலாம். படுக்கையை ஈரமாக்கலாம். ராத்திரி முழுக்க விளக்கு எரியலாம். முன்பின் தெரியாத எலியைக் கொண்டுவந்து அறைத் தோழனாக்கலாம். தண்ணீரை நிறுத்தலாம். அடுத்து எந்தத் தொல்லை எப்போது வரும் என்று எலிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பட்டணத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஹனூர்ப் பிள்ளைகள் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு, யாரோ தங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து எழுதியதோ என்று சந்தேகப்படலாம். அறிவியல் தற்செயலாகவும் நிஜத்தைத் தொடும்.

நேர்வழியில் போகிறவர்களுக்குக் கட்டுப்படுத்தும் முறை. நிம்ஹான்ஸில் செய்தது இது: கம்பிவலையால் ஆன சிறு கூட்டுக்குள் எலியைத் திரும்ப முடியாதபடி அடைக்கவேண்டும். தினம் 6 மணி நேரம், 21 நாள். அசையக்கூட வழியில்லாமல் இருப்பதைவிட ஓர் உயிருக்குப் பெரிய நோவு வேண்டியதில்லை. 21 நாள் கழித்துப் பார்த்தால், நினைவுக்கும் வழி அறிவதற்கும் வேண்டிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நரம்புச் செல்களின் கிளைகள் சுருங்கிப்போயிருக்கும். இதே பெங்களூரில் என்.சி.பி.எஸ். நிறுவனத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழுவினர், நிம்ஹான்ஸின் சங்கரநாராயண ராவையும் சேர்த்துக்கொண்டு, 2002-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். நெருக்கடி நீடித்தால் ஹிப்போகாம்பஸில் கிளைகள் குறைகின்றன. அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலாவிலோ கிளைகள் பெருகுகின்றன. நினைவு மெலிகிறது, பயம் கொழுக்கிறது. எனக்குத் தெரிந்து பெங்களூர் எலிகள் உலகத்துக்குச் சொன்னவற்றில் இதற்கு ஈடான செய்தி இன்னொன்றில்லை.

குறுக்குவழி வேண்டுவோருக்கு மருந்து முறை. குளோமிப்ரமின் என்று ஒரு மாத்திரை உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பது. அதைப் பிறந்து 8-ஆம் நாளிலிருந்து 21-ஆம் நாள் வரை எலிக்குஞ்சுக்குக் கொடுத்தால், அந்தக் குஞ்சு வளர்ந்து பெரிதானதும் மனச்சோர்வுள்ள எலியாகிறது. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். மனச்சோர்வைப் போக்கும் மருந்தே மனச்சோர்வைத் தருகிறது, வயதுதான் வித்தியாசம். வளரும் மூளையும் வளர்ந்த மூளையும் ஒன்றல்ல என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது. மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கிறவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

நாய் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள்: எங்களுக்கு வழியில்லையா? இருந்தது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் 1967-ல் நாய்களுக்குத் தப்பிக்கவே முடியாத மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு தப்பிக்க வழி இருக்கும் பெட்டியில் விட்டார்கள். பல நாய்கள் தப்பிக்கவில்லை, படுத்துக்கொண்டன. நாய் கையறு நிலையைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். உளவியல் புத்தகங்கள் எல்லாம் அதை எழுதின. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இருவரும் தாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப் படுப்பது உயிருக்கு இயல்பாகவே வருவது. அதை யாரும் கற்பதில்லை. நம் கையிலும் ஏதோ இருக்கிறது என்பதைத்தான் உயிர் கற்கவேண்டியிருக்கிறது. அதைக் கற்க உதவுவது மூளையின் முன்பகுதி. இந்த விஷயத்தை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பி இறக்கும்போது வேண்டியிருக்கும்.

சோகத்தைச் சோதித்தல்

எலியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாது. கேட்டாலும் ஊர் வழக்கப்படி நல்லா இருக்கேங்க என்றுதான் சொல்லும். அதனால் தண்ணீரில் போடவேண்டும்.

ரோஜர் போர்சோல்ட் 1977-ல் கொண்டுவந்த சோதனை இது. உயரமான கண்ணாடிக் குடுவை. அதில் 25 பாகை வெப்பத்தில் தண்ணீர். ஏறிவர முடியாது, காலும் எட்டாது. முதல் நாள் எலியை 15 நிமிடம் விடுங்கள். நீந்தும், சுவரைப் பிராண்டும், முங்கிப் பார்க்கும், பிறகு மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு மிதக்கும். அடுத்த நாள் 5 நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை நொடி அசையாமல் மிதந்தது என்று நிறுத்துக்கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மிதக்கும் நேரம் கூடினால் எலிக்குச் சோகம் கூடுதல். குறைந்தால் மருந்து வேலை செய்கிறது.

மலையடிவாரத்துக் குளத்தில் நீச்சல் பழகிய எந்தப் பையனைக் கேட்டாலும், கரை எட்டாத தண்ணீரில் கையைக் காலை உதறுகிறவன் முட்டாள், மல்லாந்து மிதப்பவன் புத்திசாலி என்பான். விஞ்ஞானிகளிலும் சிலர் அப்படியே சொல்கிறார்கள்: எலி நம்பிக்கை இழக்கவில்லை, நேற்றைய பாடத்தை நினைவில் வைத்துச் சக்தியைச் சேமிக்கிறது. இன்னொரு குறையும் உண்டு. மனிதருக்கு மனச்சோர்வு மாத்திரை பலன் தர வாரங்கள் ஆகின்றன. இந்தக் குடுவையில் எலிக்கு ஒரு நாளிலேயே பலன் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் குடுவை எதை அளக்கிறது? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-ல் இந்தச் சோதனைக்குச் சட்டம் போட்டே தடை விதித்தது. தடை சரியா என்பதில் எனக்கு இரண்டு மனம். புது மருந்துகளை முதலில் வடிகட்ட இத்தனை மலிவான சோதனை வேறில்லை. மலிவாக இருப்பதனாலேயே அதற்குத் தகுதிக்கு மீறிய மரியாதையும் கிடைத்துவிட்டது.

குடுவை பிடிக்காதவர்கள் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாம். ஒரு புட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் லேசாக இனிக்கும் தண்ணீர். ஆரோக்கியமான எலி இனிப்புப் பக்கமே போகும். சோர்ந்த எலிக்கு இரண்டும் ஒன்று. எனக்கு இந்தச் சோதனை மேல் நம்பிக்கை அதிகம். பண்டிகை நாளில் இலையில் விழுந்த பாயசத்தைத் தொடாமல் எழுந்துபோகிறவரை வீட்டார் கவனிப்பதும் இதே சோதனைதான். வீட்டார் கவனித்தால்.

கம்பி இறக்குதல்

கம்பி கேட்டுக் கடைக்குப் போகும்போது பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகும்:

"அண்ணா, ரொம்ப மெல்லிசா எவர்சில்வர் கம்பி இருக்குதுங்களா?"

"எதுக்குங்க, கோழிக் கூண்டுக்கா?"

"இல்லீங்க. எலி மண்டைக்கு."

"எலிக்கா? பொறி வாங்கிக்கிட்டுப் போங்க, முப்பது ரூவா மிச்சம்."

கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் அறிவியலுக்குப் பொறுமை வேண்டும். கம்பியின் நுனியைத் தவிர மற்ற இடமெல்லாம் மின்காப்புப் பூச்சு இருக்கவேண்டும். எலியை மயக்கி, அதன் தலையை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில் பொருத்தவேண்டும். ஹார்ஸ்லியும் கிளார்க்கும் 1908-ல் லண்டனில் அறிமுகப்படுத்திய சட்டத்தின் வாரிசு அது. மண்டையோட்டின் தையல்கள் சந்திக்கும் ஒரு புள்ளியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பின்னால், எத்தனை பக்கவாட்டில், எத்தனை ஆழத்தில் என்று எலி மூளையின் வரைபடப் புத்தகத்தைப் பார்த்து அளக்கவேண்டும். சின்னத் திருகாணிகள் முடுக்கி, பல் வைத்தியர் உபயோகிக்கும் சிமெண்டைப் பூசினால் கம்பி ஆடாது.

எங்கே இறக்குவது என்பதில்தான் சம்பந்தி சண்டை. டொரண்டோக்காரர்கள் மூளையின் முன்பகுதி என்பார்கள். கிளெமென்ட் ஹமானியும் கூட்டாளிகளும் 2010-ல் எலியின் முன்மூளையில் நொடிக்கு 130 துடிப்பு வீதம் மின்சாரம் விட்டார்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அளவோ மிகக் குறைவு, ஓர் ஆம்பியரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குடுவையில் போட்டபோது எலிகள் மிதப்பதைக் குறைத்து நீந்தின. செரட்டோனின் அனுப்பும் நரம்புகளை முன்கூட்டியே அழித்துவிட்டால் இந்தப் பலன் இல்லை. ஆக, கம்பி தானாக எதையும் செய்துவிடவில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு பாதையைத் தட்டி எழுப்பியது. 2011-ல் இன்னொரு குழுவினர் ஹபெனுலா என்ற சின்னஞ்சிறு முடிச்சில் மின்சாரம் விட்டு, பிறவியிலேயே சோர்ந்த எலி வகையைத் தேற்றினார்கள். ஏமாற்றம் வரும்போது மூளையில் சத்தம் போடும் இடம் அது. அங்கே கம்பி இறக்கியது அதைப் பேசாமலிருக்கச் செய்வதற்கு.

பெங்களூர் வழி வேறு. இந்த வழிகாட்டியை எழுத நான் உட்கார்ந்ததே அதற்காக.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் கம்பி வைத்து, கூண்டுக்குள் ஒரு நெம்புகோல் மாட்டினார்கள். எலி அதை அழுத்தினால் அதன் மூளைக்கே மின்சாரம் போகும். எலி அழுத்தியது. திரும்ப அழுத்தியது. சரியான இடத்தில் கம்பி அமைந்த எலிகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் அழுத்தின, பசியையும் மறந்தன. கைப்பேசியில் விரல் தள்ளிக்கொண்டே இருக்கும் நம்மைப் பற்றி எழுபது வருடம் முன்பே எலி ஒரு குறிப்பு எழுதிவிட்டது என்று சொல்லலாம்தான். ஆனால் அது ரொம்ப லேசான கிண்டல், விட்டுவிடுவோம்.

நிம்ஹான்ஸில் டி. தேசிராஜு, டி.ஆர். ராஜு, பி.எஸ். சங்கரநாராயண ராவ் ஆகியோர் இந்த நெம்புகோலை எடுத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்டார்கள். எலிக்கு இன்பம் கிடைக்கிறது, சரி. அந்த இன்பம் மூளையின் உருவத்தை மாற்றுமா? தினம் 1 மணி நேரம், 10 நாள் எலியை அழுத்தவிட்டார்கள். பிறகு மூளைக்கு, வெள்ளி உப்பால் செல்களைக் கறுப்பாக்கும் கோல்கி முறையில் சாயமேற்றிச் சீவி, நுண்ணோக்கியில் கிளை கிளையாக எண்ணினார்கள். ஹிப்போகாம்பஸிலும் இயக்கப் பகுதியிலும் செல்களின் கிளைகள் கூடியிருந்தன. 1993-ல் இது வெளிவந்தது. 2008-ல் அடுத்த கட்டம்: 21 நாள் கம்பிவலைக்குள் அடைபட்டுக் கிளை சுருங்கிய எலிகளுக்கு நெம்புகோலைக் கொடுத்தார்கள். சுருங்கியது மீண்டது, வழி மறந்த எலி வழியை அறிந்தது. 2020-ல், குஞ்சிலேயே குளோமிப்ரமின் வாங்கிய எலிகளின் பதற்றமும் இதே வழியில் தணிந்ததாக எழுதினார்கள். அமிக்டலாவில் ஏற்பட்டிருந்த மாற்றமும் திரும்பியிருந்தது.

டொரண்டோ எலிக்கு ஆய்வாளர் சுவிட்ச் போட்டார். பெங்களூர் எலி தானே அழுத்தியது. படுத்துவிட்ட நாயை நினைத்துப் பாருங்கள். கையில் ஏதோ இருக்கிறது என்று தெரிவதே முன்மூளைக்கு மருந்து என்றால், சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. மின்சாரம் எத்தனை, அழுத்தும் செயல் எத்தனை என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தத் துறையில் எனக்குச் சுவையான கேள்வி. வெளிநாட்டுச் செய்திகளில் இந்தப் பெங்களூர் எலிகளின் பெயர் அடிபடுவதில்லை. அது எலிகளின் குற்றமல்ல.

மாடு வைத்திருப்போர் கவனத்துக்கு

வீட்டில் முரட்டுக்காளை இருப்பவர்கள் ஆசைப்படவேண்டாம். 1960-களில் ஸ்பெயினின் கொர்தோபாவில் ஹோசே டெல்காடோ என்ற விஞ்ஞானி காளையின் மூளையில் கம்பி வைத்து, பாய்ந்துவந்த காளையை ரேடியோ பொத்தானால் நிறுத்திக் காட்டினார். பத்திரிகைகள் கொண்டாடின. காளைக்குக் கோபம் தணியவில்லை, உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பிற்று, அவ்வளவுதான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வாடிவாசலில் நின்று பார்த்த யாரும் இந்தச் சந்தேகத்தை அன்றே கிளப்பியிருப்பார்கள். நின்ற மாடு எல்லாம் சாந்தமான மாடு அல்ல. நீந்திய எலி எல்லாம் சந்தோஷமான எலியும் அல்ல.

மனிதருக்கு மாற்றுதல்

எலி தேறிவிட்டது. இனி மனிதர்தானே என்று கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம்.

உண்மையில் வரிசை அப்படி இருக்கவில்லை. மனிதருக்குச் செய்து 2005-லேயே வெளியிட்டுவிட்டார்கள். டொரண்டோ எலிகள் பின்னால் வந்து, ஏன் பலித்தது என்று விளக்கம் கொடுத்தன. டொரண்டோவில் ஹெலன் மேபெர்கும் ஆந்த்ரே லோசானோவும் எந்த மருந்துக்கும் மசியாத ஆறு நோயாளிகளின் மூளையில், வரைபடத்தில் 25-ஆம் எண் கொண்ட பகுதிக்கு அருகில் கம்பி இறக்கினார்கள். அறுவை மேசையில் விழித்தபடியே இருந்த நோயாளிகள், மின்சாரம் விட்டதும் திடீரென ஓர் அமைதி வந்ததாகச் சொன்னார்கள். அறையின் நிறங்கள் பளிச்சிட்டதாகவும் சொன்னார்கள். எந்த எலியும் இப்படிச் சொன்னதில்லை. ஆறு மாதம் கழித்து ஆறில் நான்கு பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

உலகமே எழுந்து உட்கார்ந்தது. கம்பெனி ஒன்று 90 பேரை வைத்துப் பெரிய சோதனை தொடங்கியது. எல்லோருக்கும் கம்பி இறக்கி, சிலருக்கு மட்டும் மின்சாரம் விட்டார்கள்; யாருக்கு என்பது நோயாளிக்குத் தெரியாது. ஆறு மாத முடிவில் மின்சாரம் பெற்றவர்களில் 20 சதவீதம் தேறினார்கள். வெறும் கம்பியோடு இருந்தவர்களில் 17 சதவீதம். இடையிலேயே சோதனை நிறுத்தப்பட்டது. 2017-ல் முடிவுகள் அச்சாயின. மூளையின் இன்னொரு இடத்தில் கம்பி வைத்து 30 பேரிடம் நடந்த சோதனையிலும் இதே கதை. கதை அங்கே முடியவில்லை என்பதுதான் குழப்பம். 90 பேரில் பலர் கம்பியை எடுக்கவேண்டாம் என்று இருந்துவிட்டார்கள். பிறகு எல்லோருக்கும் மின்சாரம் விடப்பட்டது. இரண்டு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தேறியிருந்தார்கள். ஆறு மாதம் போதாதா, இடம் தவறா, காலம் தந்த ஆறுதலா என்று இன்றும் வழக்கு நடக்கிறது. ஜெர்மனியின் பான் நகரத்தில் 2013-ல் ஏழு பேருக்கு வேறிடத்தில் கம்பி வைத்தார்கள். ஆறு பேர் விரைவாகத் தேறினார்கள். அந்த வேறிடம் எது தெரியுமா? பெங்களூர் எலிகள் 1990-களில் அழுத்தி அழுத்திக் காட்டிய அதே நரம்புக்கட்டுதான். ஏழு பேர் சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க எதிரணியும் அதில் இல்லை. ஆனாலும் எலி கேட்டால் மீசையை முறுக்கும்.

செலவைப் பற்றி ஒரு வரி: நெஞ்சுக்கு மேலே தோலுக்கடியில் பேட்டரி வைக்கவேண்டும், அது தீர்ந்தால் மாற்றவேண்டும், மொத்தம் பல லட்சம். பார்க்கின்சன் நோய்க்கு இந்தச் சிகிச்சை இந்தியாவில் பல வருடமாக நடக்கிறது. மனநோய்க்காக மூளையில் அறுவை செய்யவேண்டும் என்றால் 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 96-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். நோயாளி விவரம் அறிந்து சம்மதிக்கவேண்டும். மனநல மறுஆய்வு வாரியமும் அனுமதி தரவேண்டும். சுவிட்ச் யார் கையில் என்ற கேள்வியைச் சட்டம் எழுதியவர்களும் யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. புருஷன் சம்மதித்தால் போதும், மாமியார் சம்மதித்தால் போதும் என்று அதில் இல்லை.

கம்பி இல்லாத முறை

இதைக் கடைசியில் வைத்ததற்கு மன்னிக்கவேண்டும். முதலிலேயே சொல்லியிருந்தால் யாரும் மேலே படித்திருக்கமாட்டீர்கள்.

நிம்ஹான்ஸின் அதே ஆய்வுக்கூடத்தில், 21 நாள் அடைபட்ட அதே மாதிரி எலிகளை, 2009-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் வேறு விதமாக நடத்தினார்கள். மண்டையில் துளையில்லை, கம்பியில்லை, மின்சாரமில்லை. பெரிய கூண்டு. கூட நாலு எலி. ஏற ஏணி, நுழையக் குழாய், உருட்டச் சாமான். அவ்வப்போது சாமானை மாற்றினார்கள். நெருக்கடியால் குறைந்துபோயிருந்த புதுச் செல் உற்பத்தி ஹிப்போகாம்பஸில் மீண்டும் கூடியது. எலிகள் மறுபடி கற்றன. 2017-ல் வந்த தொடர் ஆய்விலும் பதற்றமும் மறதியும் குறைந்தன.

இதை வைத்துக்கொண்டு, மனச்சோர்வுக்குக் கூட்டாளியும் காற்றோட்டமும் போதும், டாக்டர் எதற்கு என்று கிளம்பிவிடாதீர்கள். பெரிய கூண்டில் தேறியது, கூண்டால் சோர்ந்த எலி. கூண்டே இல்லாமல், காரணமே இல்லாமல் சோர்ந்துபோகிற மனிதர்கள் ஏராளம். அவர்களிடம் போய் வெளியே போ, நாலு பேரோடு பழகு என்று சொல்வது, நீந்து நீந்து என்று குடுவைக்கு வெளியே நின்று கத்துவதுதான். ஆனால் நம் பக்கத்தில் இருக்கும் எத்தனையோ பேருக்குக் கம்பிவலை கண்ணுக்கே தெரிகிறது. கடன், குடி, பேசவிடாத வீடு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தனியாகக் கடைத்தெருவுக்குப் போகாத பெண். அங்கே மாத்திரை கொடுத்துவிட்டு வலையை அப்படியே விட்டால், எலி ஆய்வாளரே சிரிப்பார்.

ஹனூரில் மனசு சரியில்லாதவரை முதலில் மாதேஸ்வரன் மலைக்குக் கூட்டிப்போவார்கள். போகட்டும், நாலு பேர் கூடப் போகிறார்கள், வழியெல்லாம் பேசுகிறார்கள், அதில் கெடுதல் ஒன்றும் கிடையாது. திரும்பி வந்து அதோடு நிறுத்திக்கொள்வதில்தான் கெடுதல். கொள்ளேகால், மளவள்ளி, கனகபுரா வழியாகப் பெங்களூர் போய் நிம்ஹான்ஸ் வரிசையில் நிற்க ஒரு நாள் கூலியும் பஸ் காசும் துணைக்கு ஒருவரும் வேண்டும். போனவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அங்கே யாரும் கம்பி இறக்கப்போவதில்லை. பேசுவார்கள், மாத்திரை தருவார்கள், அடுத்த தேதி குறிப்பார்கள். அதிலேயே நிறையப் பேர் தேறுகிறார்கள். கம்பி என்பது எல்லாம் செய்து பார்த்தும் தேறாத சிலருக்காக இன்னும் சோதனையில் இருக்கும் வழி.

வழிகாட்டி முடிந்தது. இதில் சொன்ன எதையும் வீட்டில் செய்து பார்க்கவேண்டாம். ராகி மூட்டை எலிக்குப் பொறியே போதும். வீட்டு மனிதருக்கு என்றால், அவ்வளவு தூரம் போகும் முன் ஒரு போன் பண்ணலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. கன்னடத்திலும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.